புல்லு மருந்து: “பயமில்லை” என்றால் என்ன அர்த்தம்?

சுகாதாரப் பாடம்



மலையில் மருந்து அடிக்கிற நாளில் இரண்டு விதமான பேச்சைக் கேட்கலாம். “பத்து வருஷமா அடிக்கிறேன், எனக்கு ஒன்னும் ஆகல்ல” என்று ஒருவர் சொல்வார். “அது மேல பட்டாலே புற்றுநோய்தான்” என்று இன்னொருவர் சொல்வார். இந்த இரண்டுக்கும் நடுவில், “அரசாங்கம் அனுமதி கொடுத்த மருந்து, பயமில்லை” என்ற பேச்சும் உண்டு.

ஒரு மருந்து பயமில்லை என்று விஞ்ஞானிகள் எப்படி முடிவு செய்கிறார்கள்? அந்த முடிவு எந்த நிபந்தனைகளின் மேல் நிற்கிறது? இந்த இரண்டு கேள்விகள்தான் இன்றைய பாடம். மருந்து அடிக்கிற ஆண்களுக்கு மட்டும் உரிய பாடம் என்று நினைக்க வேண்டாம். அடித்த மலையில் கொழுந்து எடுப்பவர்களுக்கும், அடித்தவரின் உடுப்பைத் துவைக்கும் தாய்மாருக்கும், லயத்தில் விளையாடும் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் இது எழுதப்படுகிறது.

1. அளவுதான் நஞ்சு

ஐரோப்பாவில் 16 ஆம் நூற்றாண்டில் பராசெல்சஸ் என்று ஒரு வைத்தியர் இருந்தார். எல்லாப் பொருளிலும் நஞ்சு இருக்கிறது, அளவுதான் அதை நஞ்சாக்குகிறது என்பது அவருடைய கருத்து. இன்றைக்கும் நஞ்சியல் என்ற படிப்புக்கு அதுதான் அத்திவாரம்.

நம் வீட்டு உப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கறிக்கு ஒரு கரண்டி போட்டால் ருசி. கை நிறைய அள்ளி ஒரு சின்னப் பிள்ளையின் வாயில் போட்டால் உயிருக்கே ஆபத்து. பொருள் ஒன்றுதான், அளவுதான் வேறு. ஆளும் வேறு: பெரியவருக்குத் தாங்குகிற அளவு பிள்ளைக்குத் தாங்காது.

ஆகவே “இது நஞ்சா, இல்லையா?” என்று கேட்டால் சரியான பதில் கிடைக்காது. “எவ்வளவு, எந்த வழியாக, எத்தனை நாளைக்கு, யாருடைய உடம்புக்குள் போகிறது?” என்று கேட்க வேண்டும். பத்து வருஷமாக ஒன்றும் ஆகவில்லை என்பவர் ஒருவேளை கவனமாக அடித்திருப்பார், உள்ளே போனது குறைவாக இருந்திருக்கும். அவருக்கு ஒன்றும் ஆகாததை வைத்து, கையுறை இல்லாமல் கலக்குகிறவருக்கும் ஒன்றும் ஆகாது என்று சொல்ல முடியாது. சில பாதிப்புகள் தெரிய வருவதற்கே பல வருஷம் எடுக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

2. எந்த வழியாக உள்ளே போகிறது?

மருந்து என்றால் வாயால் போனால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறோம். மருந்து அடிக்கிறவருக்கு முக்கியமான வழி தோல்தான். மூச்சு வழியாகவும் போகும், ஆனால் முதுகுப் பம்பால் அடிக்கும்போது பெரும்பாலான மருந்து விழுவது தோலிலும் உடுப்பிலும்தான்.

தோல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. 1971 ஆம் ஆண்டு அமெரிக்காவில் மைபாக் என்ற தோல் வைத்தியரும் அவருடன் சேர்ந்தவர்களும் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். பரத்தியன் என்ற பூச்சி மருந்தை மிகச் சிறிய அளவில் மனிதர்களின் உடம்பில் வேறு வேறு இடங்களில் தடவி, எவ்வளவு உள்ளே போகிறது என்று அளந்தார்கள். (பரத்தியன் இலங்கையில் 1984 ஆம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்டது.) அவர்கள் கண்ட கணக்கு இது. தடவிய மருந்து 100 பங்கு என்றால் உள்ளே போனது:

முன்னங்கை – சுமார் 9 பங்கு
உள்ளங்கை – சுமார் 12 பங்கு
வயிறு – சுமார் 18 பங்கு
புறங்கை – 21 பங்கு
தலைத்தோல் – 32 பங்கு
நெற்றி – 36 பங்கு
அக்குள் – 64 பங்கு
ஆண்களின் விதைப்பை – கிட்டத்தட்ட முழுவதும்

இதை நம்முடைய வேலையோடு வைத்துப் பாருங்கள். வியர்வை வழிகிறது, மருந்து பட்ட கையாலேயே நெற்றியைத் துடைக்கிறோம். முன்னங்கையில் பட்டால் போவதைப் போல் நான்கு மடங்கு நெற்றி வழியாகப் போகிறது. பம்பு ஒழுகி, முதுகு வழியாக இடுப்புக்குக் கீழே காற்சட்டை நனைகிறது. “காய்ஞ்சிடும்” என்று அதே உடுப்போடு மத்தியானம் வரை நிற்கிறோம். உடம்பில் மருந்து மிக வேகமாகப் போகிற இடத்திலே ஈரத் துணியைக் கட்டி வைத்ததற்குச் சமம் இது.

எல்லா மருந்தும் பரத்தியன் மாதிரி தோலுக்குள் போகாது. இன்று தோட்டங்களில் அதிகம் பேசப்படும் கிளைபோசேற் தோல் வழியாக மிகக் குறைவாகத்தான் போகிறது. ஆனால் எது அதிகம் போகும், எது குறைவாகப் போகும் என்று பார்வையிலும் மணத்திலும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே ஒழுங்கைக் கடைப்பிடிப்பதுதான் புத்தி.

3. “இவ்வளவு வரை பயமில்லை” என்ற கணக்கு

ஒரு மருந்துக்கு அனுமதி கொடுக்க முன் அதை எலி, முயல் போன்ற விலங்குகளுக்குப் பல அளவுகளில் கொடுத்துப் பார்ப்பார்கள். ஒரு கூட்டத்துக்குக் கொஞ்சம், அடுத்த கூட்டத்துக்கு அதைவிடக் கூட, இப்படியே ஏற்றிக்கொண்டு போவார்கள். எந்த அளவு வரைக்கும் ஒரு தீங்கும் தெரியவில்லையோ, அந்த அளவைக் குறித்துக்கொள்வார்கள். அதுதான் தீங்கு காணாத அளவு.

அந்த அளவை அப்படியே மனிதருக்குக் கொடுப்பதில்லை. விலங்கைவிட மனிதன் மருந்தைத் தாங்காமல் போகலாம் என்று பத்தால் பிரிப்பார்கள். மனிதரிலும் நோயாளி, வயோதிபர், கர்ப்பிணி என்று தாங்காதவர்கள் உண்டு என்று இன்னொரு பத்தால் பிரிப்பார்கள். மொத்தம் 100 ஆல் பிரித்தாகிவிட்டது. 1954 ஆம் ஆண்டு அமெரிக்காவில் லேமன், பிட்சு என்ற இரு விஞ்ஞானிகள் முன்வைத்த இந்த 100 என்ற கணக்கைத்தான் பெரும்பாலான நாடுகள் இன்றும் பாவிக்கின்றன.

ஓர் உண்மையான உதாரணம் பார்ப்போம். கிளைபோசேற்றுக்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை 2015 ஆம் ஆண்டு செய்த மதிப்பீட்டில் கர்ப்பமான முயல்களின் பரிசோதனையை எடுத்துக்கொண்டார்கள். முயலின் நிறையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் வரை தீங்கு தெரியவில்லை. அதை 100 ஆல் பிரித்தால் 0.5 மில்லிகிராம். சாப்பாட்டோடு ஒருவர் ஆயுள் முழுவதும் தினமும் உட்கொண்டாலும் பயமில்லை என்ற அளவு இது.

மருந்து அடிக்கிறவருக்கு வேறு கணக்கு. தின்றதில் ஐந்தில் ஒரு பங்குதான் குடலிலிருந்து இரத்தத்துக்குப் போகிறது. ஆகவே உடம்புக்குள்ளே போய்ச் சேரும் அளவாகப் பார்த்தால் எல்லை 0.1 மில்லிகிராம்தான். 50 கிலோ நிறையுள்ள ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிகிராம்.

5 மில்லிகிராம் என்பது எவ்வளவு? லீட்டருக்கு 360 கிராம் மருந்து கொண்ட ஒரு கேனை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு சொட்டிலே சுமார் 18 மில்லிகிராம் இருக்கும். அந்த மருந்தில் 100 மில்லி லீட்டரை 10 லீட்டர் தண்ணீரில் கலந்தால், அதே 18 மில்லிகிராமுக்கு ஒரு தேக்கரண்டி கலவை வேண்டும். அதாவது கேனில் இருக்கும் ஒரு சொட்டும், பம்பில் இருக்கும் ஒரு தேக்கரண்டியும் சமம். கேன் மருந்து பம்பு மருந்தைப் போல் 100 மடங்கு கடுமை.

தோலில் பட்டதெல்லாம் உள்ளே போகாதுதான். ஆனால் இந்தக் கணக்கிலிருந்து ஒரு விஷயம் தெளிவு: காலையில் மூடியைத் திறந்து அளந்து ஊற்றுகிற அந்தச் சில நிமிடங்கள் மிகவும் ஆபத்தானவை. “கலக்க மட்டும்தானே, கையுறை எதுக்கு?” என்று கேட்பது தலைகீழான பேச்சு. கலக்கும்போதுதான் கையுறை கட்டாயம் வேண்டும்.

4. கணக்குக்குள் இருக்கும் நிபந்தனைகள்

இப்போது பாடத்தின் முக்கியமான இடத்துக்கு வருகிறோம்.

பயமில்லாத அளவு தெரிந்த பிறகு, மருந்து அடிக்கிறவரின் உடம்புக்குள் உண்மையில் எவ்வளவு போகும் என்று கணக்குப் பார்ப்பார்கள். அது எல்லைக்குக் கீழே இருந்தால் அனுமதி கிடைக்கும். அந்தக் கணக்குப் பார்க்கும்போது சில விஷயங்களை நடக்கும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஐரோப்பியக் கணக்கு முறையில், சரியான கையுறை போட்டுத் திரவ மருந்தைக் கையாண்டால் பத்தில் ஒன்பது பங்கு கைக்கு வராது என்று எடுத்துக்கொள்கிறார்கள். உடம்பை மூடும் வேலை உடுப்பு, ஒழுகாத பம்பு, லேபலில் உள்ளபடி கலந்த அளவு, இதெல்லாம் இருக்கும் என்றுதான் கணக்கு ஓடுகிறது.

ஆகவே “பயமில்லை” என்ற சொல் ஒரு வாக்குறுதி. ஆனால் நிபந்தனையோடு வந்த வாக்குறுதி. கையுறை ஓட்டையாக இருந்தால், பம்பு ஒழுகினால், கழுவத் தண்ணீர் இல்லாவிட்டால், அந்த மருந்துக்குக் கிடைத்த அனுமதி நம் மலையில் நடப்பதைப் பற்றிப் பேசவில்லை. வேறு ஏதோ ஒரு மலையைப் பற்றிப் பேசுகிறது.

கையுறையிலும் ஒரு விஷயம் இருக்கிறது. உள்ளே மருந்து போன கையுறை, கையுறை இல்லாததைவிட மோசமாகலாம். மருந்தையும் வியர்வையையும் சேர்த்துத் தோலோடு அது அடைத்து வைக்கிறது. துணிக் கையுறை மருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், ஆகவே அது உதவாது.

வெயிலில், ஏற்றத்தில், முதுகில் பம்போடு நிற்கும்போது முழு உடுப்பும் முகமூடியும் போட்டுக்கொள்வது லேசான காரியம் இல்லை. இதை உலக நிறுவனங்களும் ஒத்துக்கொள்கின்றன. உணவு விவசாய ஸ்தாபனமும் உலக சுகாதார ஸ்தாபனமும் சேர்ந்து 2014 ஆம் ஆண்டு வெளியிட்ட பீடைநாசினி முகாமைத்துவ நடத்தைக் கோவை இதைப் பற்றிப் பேசுகிறது. பாதுகாப்பு உடுப்பு போட வசதிக்குறைவாக, விலை கூடியதாக, கிடைக்காததாக இருக்கும் இடத்தில், அப்படிப்பட்ட உடுப்பு தேவைப்படும் மருந்தையே தவிர்க்க வேண்டும் என்பது அதன் கருத்து. வெப்ப நாடுகளின் பண்ணைத் தொழிலாளரை அது குறிப்பாகச் சொல்கிறது. அதாவது உடுப்புக்கு ஏற்ற மருந்தைத் தெரிவு செய்ய வேண்டும். “மருந்து வந்துவிட்டது, எப்படியாவது அடி” என்பது சரியான ஒழுங்கு இல்லை.

2022 ஆம் ஆண்டு ஜூன் மாதம் சர்வதேச தொழில் ஸ்தாபனம், பாதுகாப்பான சுகாதாரமான வேலைச் சூழலைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. கையுறை கேட்பது வம்பு இல்லை, உரிமை.

5. இரண்டு சபை, இரண்டு கேள்வி

கிளைபோசேற் விஷயத்தில் நம் மக்களிடம் குழப்பம் அதிகம். ஒரு வருஷம் தடை என்கிறார்கள், அடுத்து தடை இல்லை என்கிறார்கள். இலங்கையில் 2015 இல் தடை வந்தது. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தப்பட்டது. 2021 இல் விவசாய இரசாயனங்கள் எல்லாவற்றுக்கும் இறக்குமதித் தடை வந்தது. 2022 இல் கிளைபோசேற் தடை நீக்கப்பட்டது.

உலக அளவிலும் அதே குழப்பம். 2015 மார்ச் மாதம் சர்வதேச புற்றுநோய் ஆய்வு நிறுவனம், கிளைபோசேற் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக் கூடும் என்று கருதப்படுகிற பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. அடுத்த வருஷம் மே மாதத்தில், பீடைநாசினி எச்சங்களைப் பற்றிய உலக நிபுணர் கூட்டம், சாப்பாட்டோடு வரும் அளவில் அது புற்றுநோயை உண்டாக்குவதற்கு இடமில்லை என்று சொன்னது. இரண்டும் உலக சுகாதார ஸ்தாபனத்தோடு சேர்ந்தவை. யார் சொல்வதை நம்புவது?

இரண்டு பேரும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொன்னார்கள். முதலாவது சபை கேட்டது, “இதனால் முடியுமா?” என்று. இரண்டாவது சபை கேட்டது, “சாப்பாட்டில் வரும் இந்த அளவில் நடக்குமா?” என்று. ஒரு நாய்க்குக் கடிக்க முடியுமா என்றால், முடியும். கட்டிப் போட்ட நாய் ரோட்டில் போகிறவரைக் கடிக்குமா என்றால், கடிக்காது. இரண்டு பதிலும் சரிதான். முதலாவது சபையின் அதே பட்டியலில் இராத்திரி வேலையும், மாட்டிறைச்சி போன்ற சிவப்பு இறைச்சியும் இருக்கின்றன என்றால் விளங்கும். அந்தப் பட்டியல் சாட்சியத்தின் பலத்தைச் சொல்கிறது. எத்தனை பேருக்கு நோய் வரும் என்று அது சொல்வதில்லை.

ஆனால் நம்முடைய கேள்வி மூன்றாவது. நாம் மருந்து தெளித்த சாப்பாட்டைச் சாப்பிடுகிறவர்கள் மட்டும் இல்லை, மருந்தைத் தெளிக்கிறவர்கள். அதற்கும் ஓர் ஆராய்ச்சி இருக்கிறது. அமெரிக்காவின் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் மருந்து அடிக்க அனுமதிப் பத்திரம் பெற்ற 54,251 பேரைப் பல வருஷமாகத் தொடர்ந்து பார்த்து, 2018 ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். கிளைபோசேற் பாவித்தவர்களுக்குப் பொதுவாகப் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. மிக அதிகமாகப் பாவித்தவர்களிடம் ஒரு வகை இரத்தப் புற்றுநோய் கொஞ்சம் கூடியது போலத் தெரிந்தது, ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்று எழுதினார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஆம் ஆண்டு கிளைபோசேற்றுக்கு இன்னும் பத்து வருஷத்துக்கு அனுமதி கொடுத்தது.

இது நல்ல செய்திதான். ஆனால் அந்த 54,251 பேர் யார்? பயிற்சி எடுத்து அனுமதிப் பத்திரம் வாங்கிய அமெரிக்க விவசாயிகளும் தொழிலாளரும். பலருக்கு மருந்து அடிப்பது உழவு இயந்திரம். முதுகில் பம்பைச் சுமந்து, சரிவில் ஏறி, நனைந்த காற்சட்டையோடு நிற்கிறவர்களை வைத்து எடுத்த கணக்கு அது இல்லை. நிபந்தனை மாறினால் பதிலும் மாறலாம்.

6. எலி சொன்னதும் ஆஸ்பத்திரி சொன்னதும்

கேனின் லேபலில் ஒரு வர்ணப் பட்டி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பு மிகக் கடுமை, மஞ்சள் அடுத்தது, பிறகு நீலம், பச்சை. இந்த வகுப்புப் பிரிப்பை உலக சுகாதார ஸ்தாபனம் 1975 ஆம் ஆண்டு தொடங்கியது. முக்கியமாக எலிகளை வைத்துச் செய்த பரிசோதனைகளிலிருந்துதான் அந்த வகுப்புகள் வந்தன.

எலிக்குச் சரியானது மனிதனுக்கும் சரியா? இதற்கு உலகமே பார்த்துப் படிக்கிற பதிலை நம் நாட்டு ஆஸ்பத்திரிகள்தான் கொடுத்தன. மருந்து வயிற்றுக்குள் போய் இலங்கையின் கிராமப்புற ஆஸ்பத்திரிகளுக்கு வந்த 9,302 நோயாளிகளைப் பற்றிய ஆராய்ச்சி 2010 ஆம் ஆண்டு வெளிவந்தது. ஒரே வகுப்பில், ஒரே வர்ணத்தில் இருக்கிற மருந்துகளுக்குள் மனித உயிருக்கு ஏற்படும் ஆபத்து பெரிய அளவில் வித்தியாசப்பட்டது. எலிகளின் கணக்கு மட்டும் போதாது என்று அதனால் தெளிவானது. ஆகவே பச்சைப் பட்டி, நீலப் பட்டி என்று அலட்சியம் வேண்டாம்.

இந்த மாதிரியான சாட்சியங்களை வைத்து இலங்கை தைரியமாக முடிவு எடுத்தது. 1980 ஆம் ஆண்டு 33 ஆம் இலக்கப் பீடைநாசினிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், 1995 இல் மிகக் கடுமையான வகுப்பில் மிச்சமிருந்த மருந்துகள் தடை செய்யப்பட்டன. 1998 இல் எண்டோசல்பானும், 2008 தொடக்கம் 2011 வரை படிப்படியாகப் பரகுவாட் உட்பட மூன்று மருந்துகளும் நிறுத்தப்பட்டன. 1995 ஆம் ஆண்டளவில் நம் நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு சுமார் 47 பேர் தாமாகவே உயிரை இழந்தார்கள். உலகத்திலேயே மிக அதிகமான எண்ணிக்கைகளில் அது ஒன்று. 2015 ஆகும்போது அது 100 க்கு 70 பங்கு குறைந்தது. இந்த இருபது வருஷத்தில் தடைகளால் 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்று 2017 ஆம் ஆண்டு ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள்.

இதில் நமக்கு இரண்டு பாடம் உண்டு. ஒன்று, மனக் கஷ்டம் வரும் நேரம் பெரும்பாலும் கடந்து போகும். அந்த நேரத்தில் கைக்கு எட்டுகிற இடத்தில் மருந்து இல்லாவிட்டால் ஓர் உயிர் தப்பும், ஒரு குடும்பம் தப்பும். ஆகவே மருந்துக் கேன் லயத்துக்குள் வரவே கூடாது. காய்கறித் தோட்டத்துக்கு என்று கொஞ்சம் கொண்டு வந்து கட்டிலுக்குக் கீழே வைப்பதும் கூடாது. வீட்டில், பக்கத்துக் காம்பராவில் யாராவது மனம் உடைந்து இருந்தால் தனியே விடாமல் பேசுங்கள். 1926 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் பேசலாம், அது தேசிய மனநல உதவி எண். இரண்டாவது, பழைய, தடை செய்யப்பட்ட மருந்து எங்கேயாவது மூலையில் கிடந்தால் பாவிக்காமல், கானில் ஊற்றாமல், தோட்ட அலுவலகத்தில் ஒப்படையுங்கள்.

7. உடுப்போடு வீட்டுக்கு வருவது

அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில் ஆப்பிள் தோட்டங்கள் அதிகம். அங்கே வேலை செய்யும் தொழிலாளரின் வீடுகளில் தூசைக் கூட்டி எடுத்துப் பரிசோதித்து, 2002 ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். தோட்டத்தில் அடிக்கிற ஒரு பூச்சி மருந்து 100 வீட்டுத் தூசில் 85 இலும், அவர்கள் வேலைக்குப் போகும் வாகனங்களின் தூசில் 100 க்கு 87 இலும் இருந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகள் மருந்து அடிக்கவில்லை. அப்பா அம்மாவின் சப்பாத்தோடும் உடுப்போடும் மருந்து வீட்டுக்கு வந்திருந்தது.

நம் லயக் காம்பராவை நினைத்துப் பாருங்கள். உடுப்பு தொங்குகிற இடமும், சமைக்கிற இடமும், கைப்பிள்ளை தவழ்கிற இடமும் சில அடி தூரத்திலேயே இருக்கின்றன. பிள்ளை தரையில் தவழும், கையை வாயில் வைக்கும். அதன் நிறையோ பத்துக் கிலோ. நாம் முன்னே பார்த்த “ஒரு கிலோவுக்கு இவ்வளவு” என்ற கணக்கில், 50 கிலோ அப்பாவுக்குப் பெரிதாகத் தெரியாத அளவு, பத்துக் கிலோப் பிள்ளைக்கு ஐந்து மடங்காகிவிடும்.

8. நாம் செய்ய வேண்டியவை

மருந்து அடிக்கிறவருக்கு:

• கலக்கும்போது ஓட்டையில்லாத இறப்பர் கையுறை, கண் கண்ணாடி, பூட்ஸ் போடுங்கள். கையுறையைக் கழற்ற முன் வெளிப்பக்கத்தைக் கழுவுங்கள்.
• காலையில் பம்பில் வெறும் தண்ணீர் ஊற்றி ஒழுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். ஒழுகினால் கங்காணியிடம் காட்டி வேறு பம்பு கேளுங்கள்.
• காற்றுக்கு எதிரே அடிக்க வேண்டாம். அடைத்த நொசிலை வாயால் ஊத வேண்டாம்.
• வியர்வை துடைக்கச் சுத்தமான துணி ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.
• உடுப்பு நனைந்தால் உடனே கழற்றிச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். வேலை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.
• கை கழுவாமல் வெற்றிலை, பீடி, தேத்தண்ணி, சாப்பாடு எதையும் தொட வேண்டாம்.

கொழுந்து எடுப்பவருக்கு:

• மருந்து அடித்த மலையில் லேபலில் சொன்ன நேரமும் நாளும் போகாமல் இறங்க வேண்டாம். எந்த மலையில் எப்போது அடித்தது என்று காலையில் பிரட்டுக்களத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.
• கர்ப்பிணித் தாய்மாரும் பால் கொடுக்கும் தாய்மாரும் மருந்து கலக்கவோ அடிக்கவோ வேண்டாம். கர்ப்பம் என்று தெரிந்தவுடனே சொல்லிவிடுங்கள்.

வீட்டில்:

• மருந்து உடுப்பை வாசலுக்கு வெளியே கழற்றுங்கள். மற்ற உடுப்போடு சேர்க்காமல் தனியே துவையுங்கள். துவைக்கிறவர் கையுறை போட்டால் நல்லது. பீலித் தண்ணீருக்குக் கிட்ட வைத்துத் துவைக்க வேண்டாம்.
• வெறும் கேனில் தண்ணீர், மண்ணெண்ணெய், அரிசி எதையும் வைக்க வேண்டாம். எத்தனை தரம் கழுவினாலும் அது மருந்துக் கேன்தான்.
• சோடாப் போத்தலில் மருந்து ஊற்றி வைக்கவே வேண்டாம். பிள்ளைக்கு அது சோடாதான்.

9. விபத்து நடந்தால்

தோலில் கொட்டினால்: உடுப்பைக் கழற்றி, ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவுங்கள்.

கண்ணில் பட்டால்: இமையை விரித்துப் பிடித்து, சுத்தமான தண்ணீரால் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள். தேய்க்க வேண்டாம்.

விழுங்கினால்: வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். உப்புத் தண்ணீர், சாணித் தண்ணீர், எண்ணெய் எதுவும் கொடுக்க வேண்டாம். மயக்கமாக இருந்தால் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். 1990 சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் போக வேண்டும். சில மருந்து பிந்தித்தான் வேலை காட்டும்.

எந்த விபத்திலும் கேனின் லேபலையோ அதன் போட்டோவையோ டொக்டரிடம் காட்டுங்கள். மருந்தின் பெயர் தெரிந்தால்தான் சரியான சிகிச்சை.

தலைவலி, வாந்தி, கண் மங்கல், அளவுக்கு மிஞ்சிய வியர்வை, எச்சில் ஒழுகுதல், நெஞ்சு இறுக்கம், இதில் எது வந்தாலும் வெயில் என்று தள்ளிவிடாமல் வேலையை நிறுத்திவிட்டு டிஸ்பென்சரிக்குப் போங்கள்.

வீட்டில் பேசிப் பார்க்கக் கேள்விகள்

1. நம் தோட்டத்தில் இப்போது அடிக்கும் மருந்தின் பெயர் என்ன? லேபல் தமிழில் இருக்கிறதா? வீட்டில் யார் வாசித்துச் சொல்ல முடியும்? (பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கேளுங்கள்.)

2. அந்த லேபலில் போடச் சொல்லும் கையுறையும் கண்ணாடியும் நமக்குக் கிடைத்திருக்கிறதா? கடைசியாக எப்போது மாற்றிக் கொடுத்தார்கள்?

3. மருந்து கலக்கும் இடத்தில் கை கழுவத் தண்ணீரும் சவர்க்காரமும் இருக்கிறதா?

4. நம் லயத்தில் எந்தக் காம்பராவிலாவது மருந்துக் கேன் இருக்கிறதா?

இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்கு “இல்லை” என்று பதில் வந்தால், அந்த மருந்து நமக்குப் பயமில்லாத மருந்து என்று யாரும் இன்னும் நிரூபிக்கவில்லை என்று அர்த்தம். அதை மாதர் சங்கக் கூட்டத்திலும், தொழிற்சங்கத் தலைவரிடமும், நலன்புரி உத்தியோகத்தரிடமும் எடுத்துச் சொல்லுங்கள். தனியாள் கேட்டால் தட்டிக் கழிக்கலாம். மலையே சேர்ந்து, லேபலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.